விரிச்சால் விரிச்சபடி

அடுக்கிய தாள்களின் மேல் குனிந்து நாடியை வைத்து அழுத்திக்கொண்டுதான் கௌசலா வாடிக்கையாளருடன் கதைப்பாள். அதனால் அவளுடைய பேச்சு பாதி பல்லிடுக்கால்தான் வரும். "ஓம், சொல்லுங்கோ. எத்தினை கொப்பி? எப்ப வேணும்?" இடது கை தாள்களின் ஓரத்தைத் தட்டித் தட்டி நேராக்கும். வலது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடுகிறது. அந்த முனை துளை போடும் மிசினின் பிடிமேல் காத்திருக்கும். ஓரம் நேரானதும் நாடியை எடுத்து, தாளை மிசினின் வாய்க்குள் தள்ளி, பிடியை ஒரு அமுக்கு அமுக்குவாள். சதுரச் சதுரமாய் ஒரு வரிசைத் துளை விழும்.

புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்வார்கள். "ஐயோ, விடுங்கோ தங்கச்சி, நான் பிடிக்கிறன்" என்று கையை நீட்டுவார்கள்.

"கையை எடுங்கோ அண்ணை. ரெண்டிருக்கு, ஒண்டு போனாலும் பறவாயில்லை எண்டு நினைச்சோ மிசினுக்கை விடுறியள்?"

நீட்டியவர் கையை இழுத்துக்கொள்வார். அடுத்தமுறை வரும்போது அவர் மேசையிலிருந்து இரண்டடி தள்ளியே நிற்பார்.

கிளிநொச்சியில் பெரிய வீதியிலிருந்து கிழக்கே இறங்கும் ஓர் ஒழுங்கையில், போட்டோக்கொப்பிக் கடையொன்றின் பின்பாதிதான் அவளுடைய இடம். தகரக் கூரை. பத்து மணிக்கு மேல் பசை வாளிக்கு ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் மேலே தோல் பிடித்துவிடும். பல்கலைக்கழகப் பிள்ளைகளின் ஆய்வேடுகள், சட்டத்தரணிகளின் கோவைகள், பள்ளிக்கூடத்து வரவு இடாப்புகள் எல்லாம் இங்கேதான் மட்டை கட்டிக்கொள்கின்றன. கம்பி வளையத்தை இறுக்கும் மிசினுக்கு இரண்டு கை வேண்டும். ஒன்று புத்தகத்தைப் பிடிக்க, மற்றது பிடியை இழுக்க. கௌசலா அந்தப் பிடியில் சைக்கிள் பிறேக் கம்பி ஒன்றைப் பூட்டுவித்து, அதன் மறுமுனையைப் பழைய தையல் மிசினின் மிதிபலகையில் கட்டியிருக்கிறாள். காலால் மிதித்தால் மேலே வளையம் இறுகும். ஒட்டிய மட்டைகளின் மேல் பாரத்துக்கு உழவு மிசினின் துருப்பிடித்த பற்சில்லு ஒன்று. முரசுமோட்டையில் யாரோ பழைய இரும்புக்குப் போடவிருந்ததை வழிமறித்து வாங்கி, பஸ்ஸில் கொண்டுவந்தாள்.

பஸ்ஸில் அவளுக்கு எழும்பி இடம் கொடுப்பவர்களும் ஏமாந்துதான் போவார்கள். "இருங்கோ நீங்கள். நிண்டு போகக் காலிருக்கு" என்பாள். தோளைக் கம்பியில் அணைத்துக்கொண்டு பரந்தன் சந்தியின் திருப்பத்திலும் அசையாமல் நிற்பாள்.

கை எங்கே போனது என்று கேட்பவர்களுக்கு அவள் ஒரே பதிலை இரண்டு தடவை சொன்னதில்லை. "வயலுக்கை வைச்சனான், மறந்துபோய் வந்திட்டன்." "கழுவிக் காயப்போட்டிருக்கு." ஒருமுறை ஓர் அதிகாரியிடம், "உங்கட அலுவலகத்தில விண்ணப்பத்தோட சேத்துக் குடுத்தனான், இன்னும் திருப்பித் தரேல்லை" என்றாள். உண்மை சிறியது. இரண்டாயிரத்து எட்டு மார்கழியில் பதினோராம் வகுப்புச் சாதாரணதரப் பரீட்சை எழுத அவளுக்கு அனுமதி அட்டை வந்திருந்தது. பரீட்சை நாளில் அவள் குடும்பம் இடம்பெயர்ந்து மூன்றாவது இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அடுத்த பங்குனியில் சண்டைக்குள் கை போயிற்று. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு வாழ்வாதார உதவி கொடுக்க ஒரு நிறுவனம் ஊருக்கு வந்தது. பட்டியலில் ஆடும் கோழியும் இருந்தன. கௌசலா இரண்டையும் வேண்டாமென்றாள். "எனக்கு ஆடு வேண்டாம். துளை போடுற மிசின் வேணும்." அதற்கு முன் ஆறு மாதம் வவுனியாவில் ஓர் அச்சகத்தில் தாள் எண்ணிக் கட்டும் வேலை செய்திருந்தாள், மற்றவர்கள் மட்டை கட்டுவதைக் கண்ணால் படித்திருந்தாள். வந்தவர் தயங்கினார். அது இரண்டு கைக்காரர் பாவிக்கும் மிசின் என்றார். "ஆட்டுக்கு மட்டும் ஒரு கை காணுமோ? அது கயித்தை அறுத்துக்கொண்டு ஓடினால் நீங்களோ வந்து பிடிப்பியள்?" என்று கேட்டாள். மிசின் வந்தது.

இனி ஒரு புத்தகத்தின் கதை.

சனிக்கிழமைகளில் ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு வகுப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஞானேஸ்வரி நடத்துகிறா. படிக்க வருபவர்கள் முப்பத்திரண்டு பேர். எல்லாரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள், சண்டையில் பரீட்சையைத் தவறவிட்டவர்கள். வயல் செய்பவர்களும், ஆஸ்பத்திரியில் தற்காலிகச் சிற்றூழியராக இருப்பவர்களும், பள்ளிக்கூடத்தில் சமைப்பவர்களும் அதில் உண்டு. கணிதம் சித்தியடைந்தால் சிலருக்கு வேலை நிரந்தரமாகும். கௌசலா அச்சுத் தொழில்நுட்பப் பாடநெறி ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தாள். கணிதச் சித்தி இல்லையென்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அன்று முழுக்க அவள் யாரோடும் நல்ல கதை கதைக்கவில்லை. "துளைக்கும் துளைக்கும் எவ்வளவு இடைவெளி, முதுகுக்கு எத்தினை மில்லிமீற்றர், இதெல்லாம் நான் கணிதம் தெரியாமலோ வெட்டுறன்?" என்று அளவுகோலிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த சனிக்கிழமையே வகுப்பில் முதல் வாங்கில் போய் இருந்தாள்.

வகுப்பில் பதினொரு பேருக்கு ஏதோ ஒரு கை சரியில்லை. சிலருக்கு விரல்கள் இல்லை, சிலருக்குக் கை இருந்தும் பிடிப்பு இல்லை. ஞானேஸ்வரி ரீச்சர் எழுதிச் சேர்த்த பயிற்சிகள் இருநூற்றெண்பது பக்கம். விடையையும் அதிலேயே எழுத வேண்டும். முதலில் றிங், அதாவது கம்பி வளையம், போட்டுக் கொடுத்தார்கள். விரித்தால் விரித்தபடி கிடந்தது, எழுத வசதியாகத்தான் இருந்தது. ஆனால் சைக்கிள் கரியரிலும் பஸ் நெரிசலிலும் மெல்லிய மட்டை மடிந்தது, கம்பி நசிந்தது, ஒரு மாதத்தில் பக்கம் பிரளவில்லை. பிறகு முதுகில் தைத்துக் கெட்டி மட்டை கட்டிப் பார்த்தார்கள். பஸ்ஸே ஏறினாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் ஒரு கையால் திறந்து, அதே கையால் பேனாவை எடுப்பதற்குள் புத்தகம் மூடிவிடும். மொட்டைக் கையால் அமர்த்திப் பிடித்தால், எழுத வேண்டிய இடத்தின் பாதியை அந்தக் கையே மறைத்துவிடும்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டிலிருந்து உதவி வந்தது. காலமான தன் தகப்பனின் நினைவாக முப்பத்திரண்டு பேருக்கும் புத்தகம் அச்சிட்டுக் கொடுக்க ஒரு பெண் முன்வந்திருந்தாள். அதைப் பொறுப்பேற்று வந்தவர் குகதாசன், யாழ்ப்பாணத்திலிருந்து. ஓய்வுபெற்ற பொறியியலாளர், எழுபது வயது, வழுக்கைத் தலை, இஸ்திரி மடிப்புக் கலையாத சேட். கௌசலாவின் மேசைக்கு முன்னால் கதிரையில் இருந்து, அந்தப் பெண் அனுப்பிய கடிதத்தை வாசித்தார். தைத்த புத்தகம், கெட்டி மட்டை, முதுகில் பொன்னெழுத்து.

"சேர், தைச்சது எங்களுக்குச் சரிவராது. றிங் வேணும்" என்றாள் கௌசலா.

"பிள்ளை, றிங் போட்டது கொப்பி. அது புத்தகமில்லை. அதுக்கு முதுகுமில்லை. பொன்னெழுத்தை எங்க அடிக்கிறது?"

"எழுத்து அடிக்கவோ புத்தகம், எழுதவோ?"

குகதாசன் கடிதத்தை மடித்தார். "நீர் செய்யாட்டில் பறவாயில்லை. யாழ்ப்பாணத்தில அச்சகம் இருக்கு."

பக்கத்தில் இருந்த ஞானேஸ்வரி ரீச்சருக்கு முகம் வெளிறிவிட்டது. குகதாசன் வெளியே போனதும், "பிள்ளை, உன்ர வாயால முப்பத்திரண்டு பேற்ற புத்தகத்தையும் துலைச்சுப்போடாதை" என்றா.

"துலைக்கேல்லை ரீச்சர். ஒரு கிழமை தாங்கோ எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ. ஒரு புத்தகம் செய்து காட்டுறன். மட்டையும் இருக்கும், முதுகும் இருக்கும், றிங்கும் இருக்கும்."

சொன்னபோது அதை எப்படிச் செய்வதென்று அவளுக்குத் தெரியாது.

முதல் புத்தகத்துக்கு முதுகை ஒடுக்கமாக வெட்டிவிட்டாள். வளையம் முதுகில் முட்டி, மேல்மட்டை மூடாமல் ஆவென்று நின்றது. இரண்டாவதில் முதுகை அகலமாக்கினாள். மூடியது, ஆனால் தூக்கினால் உள்ளே தாள்கட்டு கடகடவென்று ஆடியது. மூன்றாவதில் அளவு சரி. மத்தியான வெயிலில் பசை காய்ந்தபோது மட்டை வில்லாய் வளைந்துவிட்டது. அதைப் பற்சில்லின் கீழ் வைத்து இரண்டு நாள் பார்த்தாள். பாரத்தை எடுத்ததும் அது மறுபடி வளைந்தது. அன்று அவள் அந்த மட்டையைக் காலால் மிதித்து உடைத்ததை முன்கடைக்காரர் கண்டார். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டார்.

வளைவுக்குக் காரணம் பிடிபட்டது: மட்டையின் வெளிப்புறத்தில் ஒட்டிய துணி ஒருபக்கம் மட்டும் இழுக்கிறது. உட்புறத்திலும் தாள் ஒட்டினாள். இரண்டு பக்கமும் சமமாக இழுக்க, மட்டை நேராயிற்று. ஆனால் பெரிய சிக்கல் இன்னும் கிடந்தது. மட்டையிலேயே துளை போட்டு வளையத்தைக் கோர்த்தால் கம்பி வெளியே தெரியும், முதுகு வைக்க இடமிராது. கடைசியில், துணி ஒட்டிய தடித்த தாளில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பட்டி வெட்டினாள். அதற்கும் அதே துளைகளைப் போட்டு, தாள்கட்டின் கடைசிப் பக்கமாக வைத்து வளையத்தில் கோர்த்து மிதித்து இறுக்கினாள். பிறகு அந்தப் பட்டியைப் பின்மட்டையின் உட்புறத்தில் ஒட்டினாள். தாள்கட்டு பின்மட்டையோடு ஒன்றிக் கிடந்தது. முதுகும் முன்மட்டையும் அதைச் சுற்றி வந்து மூடின. வெளியிலிருந்து பார்த்தால் தைத்த புத்தகம். திறந்தால் றிங்.

"நான் ஒண்டும் புதுசாக் கண்டுபிடிக்கேல்லை" என்று அவள் இப்போதும் சொல்வாள். "எங்கயோ ஆரோ முதலே செய்திருப்பினம். நான் ஒரு கையால செய்தனான், அவ்வளவுதான்."

அடுத்த சனிக்கிழமை குகதாசன் மண்டபத்துக்கு வந்தார். கையில் யாழ்ப்பாணத்து அச்சகத்தின் மாதிரிப் புத்தகம். கடும்நீலத் துணி, கூர்மையான மூலை, முதுகில் பொன்னெழுத்து. வகுப்பில் கைக்குக் கை மாறியபோது, நல்ல வேலைதான் என்று கௌசலாவுக்கே மனதுக்குள் பட்டது. தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்தாள். சிவப்புத் துணி, ஒரு மூலையில் பசை கொஞ்சம் பிசகியிருந்தது.

"சேர், ஒரு உதவி. உங்கட வலக்கையைப் பொக்கற்றுக்குள்ள விடுங்கோ."

"என்னத்துக்கு?"

"விடுங்கோவன்."

அவர் விட்டார்.

"இனி நீங்கள் கொண்டுவந்த புத்தகத்தில முப்பத்தேழாம் பக்கத்தைத் திறந்து உங்கட பேரை எழுதுங்கோ."

அவர் இடது கையால் திறந்தார். பக்கத்தைக் கண்டுபிடித்தார். பேனாவை எடுக்கக் கையை விட்டதும் புத்தகம் மூடிக்கொண்டது. மறுபடி திறந்து, பேனாவைப் பல்லில் கவ்விக்கொண்டு, முழங்கையால் அமர்த்திப் பார்த்தார். முழங்கை வழுக்கியது. மூன்றாம் தரம் நெஞ்சால் சாய்ந்து அமர்த்தினார். அப்படிச் சாய்ந்தால் பக்கம் கண்ணுக்குத் தெரியவில்லை. பின்வாங்கில் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள்.

குகதாசனின் காது சிவந்தது. "என்னை நாலுபேருக்கு முன்னால பகிடி பண்ணவோ வரச்சொன்னனீர்?"

"இல்லை சேர்." கௌசலாவின் குரல் உயரவில்லை. "நாங்கள் ஒவ்வொரு சனிக்கிழமையும் படுறது இதுதான். உங்களுக்கு ஒரு நிமிசம் காட்டினனான். இனி இதைத் திறவுங்கோ."

அவர் சிவப்புப் புத்தகத்தை விரலால் தள்ளித் திறந்தார். முன்மட்டை ஒருபக்கம், பின்மட்டை மறுபக்கம், நடுவில் பக்கங்கள் தட்டையாகக் கிடந்தன. கையை எடுத்துவிட்டுப் பார்த்தார். அசையவில்லை. பேனாவை எடுத்து, குழந்தை எழுத்துப்போல் கோணலாக, தன் பெயரை எழுதினார். பக்கத்தைப் பிரட்டி அடுத்ததிலும் எழுதினார். பிறகு மூடி, முதுகைத் தடவிப் பார்த்தார். பொறியியலாளருக்குச் சந்தேகம் இன்னும் போகவில்லை.

"தாள் கழண்டு வராதோ?"

கௌசலா பத்துப் பதினைந்து தாள்களை ஒன்றாய்ப் பிடித்து, புத்தகத்தை அப்படியே அந்தரத்தில் தூக்கினாள். மட்டைகள் இரண்டும் கீழே தொங்கின. ஒரு உதறு உதறினாள். மேசைமேல் போட்டாள்.

"சரி" என்றார் அவர். "இதையே செய்வம்."

ஞானேஸ்வரி ரீச்சர் மூச்சு விட்டா. விசயம் அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் குகதாசன் முதுகில் அடிக்க வேண்டிய வரி எழுதிய தாளை எடுத்து நீட்டினார். அந்தப் பெண்ணின் தகப்பன் பெயருக்குக் கீழே, 'உடல் வலது குறைந்தோருக்கான அன்பளிப்பு' என்று இருந்தது.

கௌசலா அதை வாசித்தாள். தாளை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இது வேண்டாம் சேர்."

"ஏன்? உள்ளதுதானே?"

"உள்ளதுதான். என்ர கை இல்லாதது என்னைப் பாத்தாலே தெரியும், புத்தகத்தின்ர முதுகிலயும் எழுத வேணுமோ? உங்கட வீட்டு அலுமாரியில இருக்கிற புத்தகத்தில 'வழுக்கைத் தலையருக்கு' எண்டு அடிச்சோ வைச்சிருக்கிறியள்?"

"கௌசலா!" என்றா ரீச்சர்.

"இருங்கோ ரீச்சர். அந்த ஐயாவின்ர பேரை முதல் பக்கத்தில வடிவா அடிப்பம். அவர் புண்ணியவான். ஆனால் முதுகில 'கணிதம்' எண்டுதான் வரும். படிக்கிறது கணிதம். சம்மதமில்லையெண்டால் உந்த நீலப் புத்தகத்தையே கொண்டுவாங்கோ. நாங்கள் நெஞ்சால அமத்தி எழுதுறம்."

பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரிச் சிற்றூழியர், நிரந்தர வேலைக்காகவே இந்த வகுப்புக்கு வருபவர், கௌசலாவைக் கெஞ்சலாகப் பார்த்தார். அவளுக்கும் தெரிந்தது, தான் பந்தயம் வைப்பது தன்னுடையதை மட்டுமல்ல என்று. ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்கவில்லை.

குகதாசன் அந்த வரியை இன்னொருதரம் வாசித்தார். பிறகு பேனாவை எடுத்து அதன்மேல் ஒரு கோடு இழுத்தார். கோடு கோணலாகப் போனது. ரீச்சர்தான் கவனித்தா: அவருடைய வலது கை இன்னும் பொக்கற்றுக்குள்ளேயே இருந்தது.

"அந்த ஐயாவின்ர மகளிட்டை நான் கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னார்.

முப்பத்திரண்டு புத்தகமும் கட்டி முடிக்கக் கௌசலாவுக்கு மூன்று கிழமை பிடித்தது. நீலத் துணி வேண்டுமா என்று குகதாசன் தொலைபேசியில் கேட்டார். சிவப்பேதான் என்றாள். கடைசிப் பத்துப் புத்தகத்தில் ஒரு மூலையிலும் பசை பிசகவில்லை. மிச்சத்தில் பிசகியது. தனக்கென்று அந்த மிச்சத்தில் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டாள்.

கொடுக்கும் நாளில் மண்டபத்தில் பதாகை கட்டியிருந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பப் படம் வேண்டுமென்று, கமராவோடு ஒருவர் வந்திருந்தார். ஒவ்வொருவரையும் புத்தகத்தோடு எடுத்துவிட்டு, கௌசலாவின் வாங்குக்கு வந்தார். கொஞ்சம் பின்னுக்குப் போனார், முன்னுக்கு வந்தார், திருப்தியில்லை.

"அக்கா, புத்தகத்தைக் கொஞ்சம் பக்கத்தில பிடியுங்கோ. அந்தக் கையை மேல தூக்குங்கோ. கை தெரிஞ்சால்தான் படம் நல்லா வரும்."

கௌசலா அவரைப் பார்த்தாள். புத்தகத்தை மேசையில் வைத்து, முன்மட்டையை விரலால் ஒரு தள்ளுத் தள்ளினாள். அது மல்லாந்து கிடந்தது. பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றி, குனிந்து, முதலாம் பயிற்சியின் முதலாம் கேள்வியைச் செய்யத் தொடங்கினாள்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ."

பின்னம் ஒன்றைச் சுருக்கினாள். விடையின் கீழே கோடு போட்டாள்.

"அக்கா, ஒரு நிமிசம், கமராவைப் பாருங்கோ..."

கௌசலா சின்னி விரலால் பக்கத்தைப் பிரட்டினாள்.